சிவப்பு டேப் ஒட்டாத டப்பா

மொன்தெவிதேயோ
15 மார்ச் 2018, வியாழன்

கிரிசெல்தா,

போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. சால்தோவில் உன் அக்கா நீபியாவின் விடுதிக்குக் கூப்பிட்டால், "அவ வெந்நீர்க் குளத்துல இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மூன்று நாளில் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ குளத்தில். இவ்வளவு நேரம் ஊறினால் பிலிமே உரிந்துபோகும், நீ எம்மாத்திரம். எனவே சால்தோ பஸ்ஸில் பார்சலாக இந்தக் கடிதம் வருகிறது. பஸ்ஸை உன்னால் அடைக்க முடியாது.

சனிக்கிழமை நம் இருட்டறைச் சபையில் நடந்ததை ஒலெகாரியோ குறிப்பேட்டில் எழுதியிருக்கிறான்: "இரு உறுப்பினர்கள் கருத்துப் பரிமாறிக்கொண்டனர்." நீ பிலிம் கழுவும் வாளியை உதைத்ததும், என்னைக் கொலைகாரன் என்றதும், "இருபது வருஷமா உன்னோட வேலை செஞ்சதுக்கு எனக்கு இது வேணும்" என்று கத்தியதும் அதில் இல்லை. ஆகவே நானே எழுதி வைக்கிறேன், பின்னால் பேச்சு மாறக் கூடாது.

பிப்ரவரி 17: செர்ரோவில் பழைய இறைச்சிக் கிடங்கின் புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்த்தார்கள். நீ அதைப் படம் எடுத்தாய். எடுத்த ரீலைக் கொண்டுவந்து நம் பிரிட்ஜில், இரண்டாம் தட்டில், மாத்தே டீ இலைப் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தாய். எடுத்த பிலிமுக்குச் சிவப்பு டேப் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும் என்பது நம் 'வாளி' இருட்டறைச் சங்கத்தின் முதல் விதி. நீ ஒட்டவில்லை.

மார்ச் 4, ஞாயிறு: என் மகள் பியோரெல்லா முதல் முறையாகப் பெரிய முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு தெருவில் அடித்துக்கொண்டு வந்தாள். நான் பிரிட்ஜைத் திறந்தேன். டேப் இல்லாத டப்பா. பெரிய சுருளிலிருந்து நாமே வெட்டி வைக்கிற புது பிலிமுக்கும் டேப் இருக்காதே. எடுத்துப் போனேன். பிறகு உன் ரீலைத் தேடும்போதுதான் தெரிந்தது, உன் படத்தின் மேலேயே என் படத்தை எடுத்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. இதில் கொலை எங்கே இருக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எடுத்தவர் கையாலேதான் கழுவ வேண்டும் என்பது இரண்டாவது விதி. நாம் கடை நடத்தவில்லை, யாரும் யாருக்கும் கழுவித் தரமாட்டோம். இந்த ரீலை எடுத்தது இரண்டு பேர். நீ வராமல் நான் வாளியில் கை வைக்க முடியாது. பியோரெல்லா ஏப்ரல் 29 அன்று ஸ்பெயினுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் முரசடிப்பதை நான் எடுத்தது அந்த ஒரு ரீல்தான். அது அவள் கையில் போய்ச் சேர வேண்டும், வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

வா. வர முடியாவிட்டால் அனுமதி எழுதிக் கொடு.

மில்டன்


சால்தோ, வெந்நீர் ஊற்று
20 மார்ச்

மில்டன்,

அனுமதி இல்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீ டேப்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். அந்த டேப் விதியை முதல் சபையில் கொண்டுவந்ததே நான்தான், ஒலெகாரியோ அதை எழுதினான், நீ அன்றைக்குத் தாமதமாக வந்தாய். பிரிட்ஜிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கும்போது, "இது யாருது?" என்று வாயைத் திறந்து கேட்க உனக்கு என்ன கேடு? இருட்டறையில் அன்று நாலு பேர் இருந்தார்கள். நீ கேட்கமாட்டாய். நீ எப்போதும் ஓட்டம்.

இரண்டு வருஷம், நூற்று நான்கு சனிக்கிழமை, மழையோ வெயிலோ அந்தப் புகைபோக்கியின் எதிரில் போய் நின்று பத்துப் பத்து விநாடி எடுத்தேன். மொத்தப் படமும் அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது. இனி அது விழாது. ஒரு புகைபோக்கி ஒரு தடவைதான் விழும்.

அதன் மேல் நீ முரசுக் கூட்டத்தை ஏற்றிவிட்டாய். அழுக்காகிவிட்ட அந்த ரீலை நான் பார்க்க விரும்பவில்லை. யாரும் பார்க்கவும் கூடாது. அப்படியே கிடக்கட்டும்.

பியோரெல்லா போகிறாள் என்பது எனக்கு வருத்தம்தான். அவளுக்கு என் முத்தம். அவள் அப்பாவுக்கு இல்லை.

கிரிசெல்தா

பி.கு: நான் குளத்தில் இருப்பது என் முதுகுக்காக. உனக்காக அல்ல.


மொன்தெவிதேயோ
26 மார்ச், திங்கள்

கிரிசெல்தா,

உன் கோபம் உன் உரிமை. ஆனால் கணக்குத் தெரியாத கோபம் உனக்கு அழகில்லை.

யோசித்துப் பார். நீ ரீலைத் திருப்பிச் சுற்றாமல் வைத்தாய். நான் அப்படியே மாட்டினேன். ஆகையால் உன் முடிவு என் ஆரம்பம், உன் மேல் என் கீழ். திரையில் ஓட்டினால் என் மகள் நேராக நடந்து வருவாள், உன் புகைபோக்கி வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்கி, விழுவதற்குப் பதிலாக எழுந்து நிற்கும். நீ இரண்டு வருஷம் யோசித்தாலும் இப்படி ஒரு முடிவு உனக்குத் தோன்றியிருக்காது. எனக்கும்தான். இதைப் பார்க்காமல் பிரிட்ஜில் வைத்திருக்க உனக்கு எப்படி மனசு வருகிறது?

இங்கே உன்னைக் கேட்காதவர் இல்லை. மாத்தே இலையில் கழுவும் மருந்து காய்ச்சுகிற அளவு உனக்குத்தான் தெரியும். நான் காய்ச்சியது சாயத் தண்ணீர் மாதிரி வருகிறது. போன வாரம் பச்சைப் பிளாஸ்க்கில் மருந்தும் நீலத்தில் குடிக்கிற மாத்தேயும் வைத்திருந்தேன். ஒலெகாரியோ பச்சையை ஊற்றி உறிஞ்சிவிட்டு, "கொஞ்சம் சோப்பு வாசனை, ஆனா உன்னோட வழக்கமான மாத்தேக்கு இது தேவலாம்" என்றான்.

புதியவர்கள் வகுப்பை நான்தான் எடுத்தேன். ரொமீனா என்று ஒரு பெண் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு ரீல் முழுக்க எடுத்துவிட்டாள். நம் பழைய கேமராவில் பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தானே பார்க்கிறோம், மூடி இருப்பது தெரியாதே. நீ கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாயே, 'மூடியைக் கழற்றினாயா?' என்று, அதை மூன்று தடவை சத்தமாக வாசிக்க வைத்தேன். நீ செய்வது மாதிரியே. அவள் அழுதுவிட்டாள். உன் இடத்தை நிரப்பிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னும் முப்பத்து நான்கு நாள் இருக்கிறது. பியோரெல்லா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். பெட்டியில் இடமில்லை என்று தினமும் எதையாவது எடுத்து வெளியே வைக்கிறாள். இன்று நான் வாங்கிக் கொடுத்த குளிர்ச்சட்டையை எடுத்து வைத்தாள்.

மில்டன்


சால்தோ
31 மார்ச்

மில்டன்,

இந்த வாரம் நாடே விடுமுறையில் குளத்துக்குள் இறங்கியிருக்கிறது. என் முழங்காலுக்கும் பைசாந்துவிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற நோட்டரியின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்தான். அவர் தினமும் தன் ஈரலைப் பற்றிச் சொல்கிறார். இந்த நிலைமையில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

முதலாவது, அந்த ரொமீனாவை அழ வைத்தது தப்பு. யாருக்கும் நேரக்கூடியதுதான் அது. கதவில் இருக்கிற அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. பழசாகிவிட்டது, எழுத்தும் நன்றாக இல்லை.

இரண்டாவது, ரீல். நான் நன்றாக யோசித்தேன். கழுவாத பிலிமில்தான் ஒரு படம் முழுமையாக இருக்கிறது. கழுவின நிமிஷம் அது வெறும் புகைப்படமாகிவிடுகிறது. பார்க்கப்படாத படம் என்பதும் ஒரு படம்தான். இதை நாம் இளைஞர்களாக இருந்தபோது பேசியிருக்கிறோம். நீ சிரித்தாய். நான் இப்போது அதை நம்புகிறேன். ரீல் பிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, என் கறுப்புக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். பைக்குள் கை விட வேண்டாம். பஸ்ஸில் போட்டு அனுப்பு, குளிர் வருகிறது.

பியோரெல்லாவிடம் குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொல். அங்கே குளிரும்.

கிரிசெல்தா


மொன்தெவிதேயோ
5 ஏப்ரல், வியாழன்

அன்புள்ள கிரிசெல்தா,

நலமா? முதுகு எப்படி இருக்கிறது? நீபியாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

கோட்டு இன்று மாலைப் பஸ்ஸில் வருகிறது. பையில் கை விடவில்லை.

ரீல் விஷயத்தில் நீ எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீ சொல்வதுதான் சரி. கழுவ வேண்டாம். பார்க்கப்படாத படமும் ஒரு படம்தான். பியோரெல்லாவுக்கு வேறு ஏதாவது கொடுக்கிறேன். நல்ல செருப்பு வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், சும்மா கேட்கிறேன். அன்றைக்குப் புகைபோக்கி விழும்போது கேமரா சத்தம் ஒழுங்காக இருந்ததா? ஜனவரியில் அதைப் பிரித்து எண்ணெய் போட்டது நான். அதனால் கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

மரியாதையுடன்,
மில்டன்


சால்தோ
9 ஏப்ரல்

மில்டன்,

இருபது வருஷத்தில் நீ என்னை 'அன்புள்ள' என்று கூப்பிட்டதில்லை. உன் கல்யாணப் பத்திரிகையில்கூட 'ஏய் கிரிசெல்தா, வந்து சேர்' என்றுதான் எழுதியிருந்தாய். இப்போது 'மரியாதையுடன்' வேறு. நீபியாவிடம் காட்டினேன். "இந்த ஆளு ஏதோ உடைச்சிருக்கான்" என்றாள்.

என்ன செய்தாய்? கழுவிவிட்டாயா? என் அனுமதி இல்லாமல் கழுவிவிட்டு, செருப்பு வாங்குகிறேன் என்று கதை விடுகிறாயா? முந்தா நாள் வரை பெட்டி கட்டுகிறாள் பெட்டி கட்டுகிறாள் என்று அழுதவன், ஒரே வாரத்தில் தத்துவம் பேசுகிறாய். அந்தத் தத்துவம் என்னுடையது. அதை நீ நம்பமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன்.

உண்மையை எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது. எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. நோட்டரி தன் மாத்திரையைக் கொடுக்கிறேன் என்கிறார்.

கிரிசெல்தா


மொன்தெவிதேயோ
14 ஏப்ரல், சனி

கிரிசெல்தா,

சரி, எழுதுகிறேன். கத்தாதே.

கழுவவில்லை. ஆனால் ரீலின் வெளி நுனியிலிருந்து ஒரு முழம் வெட்டினேன். மருந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் நுனியில் வெட்டிக் கழுவிப் பார்க்கிறோம் அல்லவா, அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஆசை தாங்கவில்லை. உன் அனுமதி வருவதற்குள் ஒரு ஓரத்தையாவது பார்த்துவிடலாம் என்றுதான்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முரசுக் கூட்டம் இருந்தது, என் மகளின் தோளும் முரசும் நெகட்டிவில் பளிச்சென்று இருந்தன. உன் புகைபோக்கி இல்லை. மங்கலாகக்கூட இல்லை. வானம் இல்லை, கிடங்குச் சுவர் இல்லை, ஒன்றுமே இல்லை. நீ அன்று ஓட்டின பிலிமில் வெளிச்சமே படவில்லை, கிரிசெல்தா.

மூன்று நாள் யோசித்தேன். ஜனவரியில் கேமராவைப் பிரித்து மாட்டியது நான். ஏதோ ஒரு தகட்டைத் தப்பாக மாட்டியிருப்பேன், பிறகு அதுவே சரியாகியிருக்கும். எனவே உன் படத்தைக் கெடுத்தது நான்தான், மார்ச்சில் அல்ல, ஜனவரியில். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சபையில் சொல்லவும் முடியாது. சொன்னால் யாராவது ஒருவர் கேமராவை எடுத்துப் பார்ப்பார், ஓடுகிறதே என்பார், பிறகு வேறு மாதிரிப் பேச்சு வரும். உன்னைப் பற்றி அப்படி யாரும் பேசக் கூடாது. இந்த இடத்தை உண்டாக்கியவள் நீ.

எனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை, 21ஆம் தேதி, சபை கூடும்போது முற்றத்தில் அந்த டப்பாவை வெயிலில் திறந்துவிடுவேன். தெரியாமல் திறந்துவிட்டேன் என்று சொல்வேன். இரண்டு படமும் போய்விடும். மில்டன்தானே, செய்யக்கூடியவன்தான் என்பார்கள். உன் புகைபோக்கி அந்த ரீலில் அற்புதமாக இருந்தது என்று எல்லோரும் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நானும் சொல்வேன்.

பியோரெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் முரசு அவளுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கும்.

மில்டன்


சால்தோ
18 ஏப்ரல், புதன்

மில்டன், திறக்காதே.

இந்தக் கடிதத்தை ஓட்டுநர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். அவசரம் என்று நாலு பக்கமும் எழுதியிருக்கிறேன். உனக்குப் போன் செய்யலாம் என்று எண்ணை எடுத்தேன், உன்னை அடைத்தேனே தவிர எப்படித் திறப்பது என்று எனக்கும் தெரியவில்லை, நீபியாவுக்கும் தெரியவில்லை. அவள் போனிலிருந்து கூப்பிட்டேன். நீ எடுத்ததும் வைத்துவிட்டேன். இதை எழுதத்தான் முடியும்.

உறைக்குள் கறுப்பாக வட்டமாக ஒன்று இருக்கிறது பார். என் கோட்டுப் பையில் இருந்தது. லென்ஸ் மூடி.

கேமரா ஒழுங்காக இருந்தது. நீ தப்பாக எதையும் மாட்டவில்லை. நான் மூடியைக் கழற்றவில்லை.

செர்ரோவில் அன்று அக்கம்பக்கம் முழுக்க வந்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷமா இங்கயே நிக்கிற அம்மாவுக்கு வழி விடுங்க" என்று முன்னால் விட்டார்கள். சங்கு ஊதுவதற்கு முன்பே ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆறு தடவை சாவி கொடுத்தேன். புகைபோக்கி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இடுப்பில் மடங்கி உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கினேன், லென்ஸைப் பார்த்தேன். மூடி இருந்தது. பிடுங்கினேன். அதற்குள் ரீல் முடிந்து கேமரா வெறுமனே கிறுகிறு என்றது.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா வந்துச்சு" என்றேன்.

டேப் ஒட்டாததும் மறதி இல்லை. சிவப்பு டேப்பில் என் பெயரை எழுதினால் பிறகு கழுவ வேண்டும். கழுவினால் வாளியைச் சுற்றிப் பதினாலு பேர் நிற்பீர்கள். மாத்தே பாக்கெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பிறகு எப்போதாவது தூக்கிப் போடலாம் என்று.

நீ வந்து, "உன் ரீல் மேலயே எடுத்துட்டேன் போல" என்று முகம் வெளுத்து நின்றாயே, அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, மில்டன். நிம்மதி. இனி யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள், உன்னைத்தான் கேட்பார்கள். அந்த நிம்மதி வெளியில் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு சத்தம் போட்டேன், வாளியை உதைத்தேன், ஊரை விட்டு வந்தேன். கால் கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது.

ஆறு வாரமாக உன்னைக் கொலைகாரனாக வைத்திருந்தேன். நீ என்னடாவென்றால் எனக்காக உன் மகளை வெயிலில் காட்டப் போகிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

திறக்காதே. திறக்காதே.

கிரிசெல்தா


மொன்தெவிதேயோ
22 ஏப்ரல், ஞாயிறு

கிரிசெல்தா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டது. பார்சல் கவுண்டர் அம்மாள் இன்று காலைதான் கூப்பிட்டாள்: "ரெண்டு நாளா ஒரு கவர் கிடக்குதுங்க. அவசரம்னு நாலு தடவ எழுதியிருக்கு. எதுக்கும் சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்." அவசரத்தை அவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

எனவே நேற்று சபையில் நான் உன் கடிதத்தைப் படிக்காதவன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தின நாளே பிரிட்ஜிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த டப்பாவைக் காலையில் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பியோரெல்லா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டு, மேசையில் ஒரு கரண்டியால் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டி கருகுகிறது, அவளுக்குத் தெரியவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். இன்னும் எட்டு நாளில் அந்த மேசையில் யார் தட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை, கிரிசெல்தா. உனக்காகக்கூட முடியவில்லை. ரீலை அலமாரியில் என் காலுறைகளுக்கு நடுவே ஒளித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

ஆனால் சபைக்கு ஏதாவது ஒன்றைத் திறந்து காட்ட வேண்டுமே. பிரிட்ஜைத் திறந்தேன். மூன்றாம் தட்டில், வெண்ணெய்க்குப் பக்கத்தில், டேப் ஒட்டாத ஒரு டப்பா. புது பிலிம் என்று நினைத்தேன். ஆமாம், மறுபடியும். சிரிக்காதே.

முற்றத்தில் எல்லோர் முன்னாலும் திறந்து, பதறினவன் மாதிரி பிலிமை முழம் முழமாக உருவிப் போட்டேன். "ரெண்டு படமும் போச்சு, என் கையாலதான் போச்சு" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன். எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். ஒலெகாரியோ மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டான். குறிப்பேட்டில் எழுதவே இல்லை. சபை முடிந்ததும் கழுவு தொட்டியருகே என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அது என் நாய், மில்டன்" என்றான்.

அவன் நாய் தூங்குவதை ஒரு ரீல் எடுத்து வைத்திருக்கிறான், டேப் ஒட்டாமல். சபையில் வாயைத் திறக்க முடியவில்லை, டேப் விதியைத் தன் கையெழுத்தில் எழுதினவன் அல்லவா. நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, அது இன்னும் தூங்கிட்டுதான் இருக்கு. நாளைக்கு மறுபடி எடுத்துக்கறேன்" என்றான்.

இன்று பஸ் நிலையத்துப் பெஞ்சில் உன் கடிதத்தைப் பிரித்தேன். மூடி உருண்டு ஒரு பாதிரியார் காலடியில் போய் நின்றது. படித்து முடித்துச் சிரித்தேன், அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். பிறகு கோபம் வந்தது. ஆறு வாரம், கிரிசெல்தா. பேக்கரிக்காரி வரைக்கும் என்னிடம், "அந்த அம்மா படத்த நாசம் பண்ணிட்டீங்களாமே" என்று கேட்டாள். கோபம் வீடு வரை இருந்தது. வீட்டில் காலுறைகளுக்குள் கை விட்டு டப்பா இருக்கிறதா என்று பார்த்ததும் போய்விட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். மத்தியானம் இருட்டறைக்குப் போய் ஒலெகாரியோவிடம் மட்டும் பொதுவாக ஒரு சந்தேகம் என்று கேட்டேன்: மூடியோடு எடுத்தால் அது எடுத்ததாகுமா? அவன் அங்கிருந்தவர்களையெல்லாம் கூட்டி வைத்து மூன்று மணி நேரம் விவாதித்தான். கேமரா ஓடியிருந்தால், கை வலித்திருந்தால், எடுத்ததுதான் என்று தீர்ப்பு. ஆகவே நீ எடுத்த ரீல்தான் அது. நீ வராமல் நான் கழுவ முடியாது.

பியோரெல்லாவின் விமானம் அடுத்த ஞாயிறு. எந்தப் பஸ் என்று சொல், நிலையத்தில் நிற்கிறேன். பச்சைப் பிளாஸ்க்கை நீதான் காய்ச்ச வேண்டும்.

மில்டன்


மொன்தெவிதேயோ, வாளி
5 மே, சனி

மில்டன்,

நீபியாவின் விடுதிக்குப் போன் செய்தேன். "அவரு குளத்துல இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன, பழிவாங்குகிறாயா? என் போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன் தெரியுமா, ரொமீனா சொல்லிக் கொடுத்தாள். நீதான் எடுப்பதில்லை. எனவே மாலைப் பஸ்.

விமான நிலையத்திலிருந்து நேராக சால்தோ பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்று ஒலெகாரியோ சொன்னான். வீட்டுக்குப் போக முடியவில்லை, இல்லையா? புரிகிறது. ஊறு. நோட்டரியிடம் என் வணக்கத்தைச் சொல், ஈரலைப் பற்றி மட்டும் கேட்காதே.

இன்று சபை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூடியை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடித்தேன். ரொமீனா எழுந்தாள், கதவுக்குப் போனாள், என் காகிதத்தைக் கையால் காட்டினாள். நான் மூன்று தடவை சத்தமாக வாசித்தேன். மூன்றாவது தடவை எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். ஒலெகாரியோ குறிப்பேட்டில் எழுதியிருக்கிறான்: "ஒரு உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்." பிறகு அவனும் நாயைப் பற்றிச் சொல்லிவிட்டான். மூடியை ஒரு கயிற்றில் கட்டி பிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறோம்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

பியோரெல்லா கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், நான் வந்து சேர்ந்த அந்த வியாழக்கிழமை, இருட்டறையில் நீ வாளியில் பிலிமைப் புரட்ட, நான் கடிகாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் முழங்கை இரண்டு தடவை என் விலாவில் இடித்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை, குறித்துக்கொள். விளக்கைப் போட்டதும் பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனோம். முரசு, முரசு, பியோரெல்லா, முரசு. ரீலின் உள் நுனிக்கு வந்தபோது நீதான் முதலில் நின்றாய். "இது என்ன?" என்றாய்.

ரீல் முடிந்த பிறகுதான் மூடியைப் பிடுங்கினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முடியவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. நாற்பத்தொரு சட்டகம். நேற்று பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு விநாடிகூட இல்லை.

அன்று சுவரில் ஓட்டிப் பார்த்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. தெருக்கோடியில் கூட்டம் தெரிகிறது. அவர்கள் தலைக்கு மேலே என் தூசி தலைகீழாகத் தொங்குகிறது, பெரிய மேகமாக, வீடுகளின் கூரை வரை. அது பின்னோக்கிச் சுருங்கத் தொடங்குகிறது. சுருங்கி முடிவதற்குள் போய்விடுகிறது. பிறகு வெயில், பிறகு உன் மகள். பியோரெல்லா திரும்பி, "அப்பா, அந்தத் தூசி யாருது?" என்று கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள் நான், "என்னுது" என்றேன். இருபது வருஷத்தில் ஒரு படத்தைப் பற்றி நான் சொன்னதில் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடித்திருந்தது.

நகலை அவள் பெட்டியில் குளிர்ச்சட்டைக்குள் சுற்றி வைத்ததை நானே பார்த்தேன். குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டுதான் போனாள், மில்டன். அங்கே அவளிடம் புரொஜெக்டர் கிடையாது. ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

இப்போது நான் கேட்கிறேன். நூற்று நான்கு சனிக்கிழமைப் புகைபோக்கி முடிந்ததும், அதன் கடைசியாக இந்த ரீலை அப்படியே ஒட்ட வேண்டும், வெட்டாமல், முரசோடு. வேறு முடிவு அந்தப் படத்துக்கு இல்லை, எனக்கு வேண்டவும் வேண்டாம். ஆனால் எடுத்தது இரண்டு பேர். நீ அனுமதி எழுதிக் கொடுக்காமல் நான் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். என் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதே மாதிரி இரண்டு வார்த்தையில் எனக்கு நீ பதில் எழுதலாம். எழுதினால் பொறுத்துக்கொள்வேன்.

அது வரைக்கும் டப்பா பிரிட்ஜில், முன் வரிசையில் இருக்கிறது. மாத்தே பாக்கெட்டைப் பின்னால் தள்ளிவிட்டேன். சிவப்பு டேப்பை நானே கிழித்து ஒட்டினேன். யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கும் தெரியட்டும் என்று இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

கிரிசெல்தா பெரோத்தி – மில்டன் இத்துரால்தே.
படம் எடுத்தாயிற்று. இரண்டு தடவை.
யாருடையது என்று கேட்காமல் தொடாதே.